பிஸ்கோத்துக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

அந்தக் கொளுக்கியைக் கழற்றியது நான்தான்!

பிள்ளை அல்ல. பிள்ளை மறக்கவில்லை. அவள் அதைச் சரியாகக் கொளுவி, இழுத்துப் பார்த்து, என்னையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகு, இதோ இந்த வலது கையால், நல்ல வெளிச்சத்தில், சிரித்துக்கொண்டே நான் அதைக் கழற்றினேன்.

சொல்லிவிட்டேன்! உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் நெஞ்சு இப்போது அடிக்கிற அடி உங்களுக்குக் கேட்டால், கிழவி பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைப்பீர்கள். பயம் இருக்கிறதுதான்... ஆனால் அதற்குள்ளே ஒரு துள்ளலும் இருக்கிறது. அன்று துள்ளிய அதே துள்ளல்! இத்தனைக்குப் பிறகும் அது அடங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் இந்தப் பிரெஞ்சுக்கார நகரத்தில், வில்லரே என்கிற பகுதியில், ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். இவர் இறந்துவிட்டார். மகன் குகன் கல்கரியில் வேலை எடுத்துப் போய்விட்டான். போகும்போது தன் கினிப்பன்றியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கினிப்பன்றி தெரியுமல்லவா? பன்றியும் இல்லை, எலியும் இல்லை. வால் இல்லாத, மயிர் சடைத்த, இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு சின்னச் சீவன். எங்களுடையது ஆண். பெயர் ராசா. நான் குளிர்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், "குவீக், குவீக்" என்று வீடே அதிரக் கத்துவான். குகன் போன பிறகு இந்த வீட்டில் என்னைக் கண்டு சத்தம் போட்ட ஒரே ஆள் அவன்தான்.

எனக்கு ஒரு தம்பி. நந்தன். நாட்டிலிருந்து வந்த புதிதில் என் வீட்டு ஹோலில்தான் படுத்தான். என் கையால்தான் சாப்பிட்டான். பிறகு கல்யாணம், மகள், பக்கத்து லவாலில் பெரிய வீடு. சண்டை ஒன்றும் இல்லை! சண்டை பிடித்திருந்தாலாவது சமாதானம் பேச ஆள் வந்திருக்கும். அவன் சும்மா, மெல்ல மெல்ல, வராமல் விட்டான். "வாறன் அக்கா, இந்தக் கிழமை கட்டாயம் வாறன்" என்பான். கிழமைகள்தான் வந்து வந்து போயின.

எப்போது வருவான் தெரியுமா? டொரோண்டோவில் கல்யாணம் என்றால் வருவான். எங்கள் சனத்துக்கு டொரோண்டோவில் யாராவது ஒருவருக்குக் கல்யாணமோ சாமத்தியவீடோ இல்லாத மாதம் உண்டா? வெள்ளிக்கிழமை காரில் ஏறினால் ஞாயிறு பின்னேரம்தான் திரும்புவார்கள். அந்த இரண்டு நாளும் அவன் மகள் சிந்துவின் கினிப்பன்றியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்!

சிந்துவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய கினிப்பன்றி பெண். பிரெஞ்சில் பிஸ்கொத் என்று பெயர் வைத்திருந்தாள். என் வாயில் அது பிஸ்கோத்து ஆகிவிட்டது. பிறகு எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். தேன் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுழி. அவ்வளவு வடிவு!

அந்த வெள்ளிக்கிழமை என் பெரிய கூட்டின் நடுவே சிந்துவே கம்பித் தட்டியை வைத்துப் பிரித்தாள். ஒரு பக்கம் ராசா, மற்றப் பக்கம் பிஸ்கோத்து. தட்டியில் ஒரு சின்னக் கதவு, அதற்குக் கொளுக்கி. ஒருவரை ஒருவர் பார்க்கலாம், மணக்கலாம், அவ்வளவுதான். அதைக் கொளுவிவிட்டு அவள் எனக்கு வகுப்பெடுத்தாள்.

"மாமி, ரெண்டு பேரையும் ஒண்டா விட்டிடாதேங்கோ. ஒரு நிமிசமும் கூடாது."

"ஒரு நிமிசத்திலை என்னடி வந்திடப் போகுது?"

"குட்டி வந்திடும்! ராசாவுக்கு ஒப்பரேஷன் செய்யேல்லை. செய்தாலும் உடனை சேத்து விடேலாது, கனநாள் பொறுக்க வேணும். பிஸ்கோத்துக்கு வயசும் போயிட்டுது மாமி. ரெண்டு வயசு. இனி முதல்தரம் குட்டி போட்டால் அவ செத்தும் போவா. ப்ரோமிஸ் பண்ணுங்கோ."

"ப்ரோமிஸ்" என்றேன்.

பார்த்தீர்களா? தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அவள் அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் போனாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், அதையும் கேட்டுவிட்டுக் காறித் துப்புங்கள். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. என்ன வேலை? ஒரு மருந்து ஓடி முடிந்து அடுத்த மருந்து ஓடுவதற்கு முன், மெஷினுக்குள் பழைய குளிசை ஒன்றுகூட மிஞ்சிக் கிடக்கவில்லை என்று டோர்ச் அடித்துப் பார்ப்பது. ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமல் காப்பது! அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த வேலையில் நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

பிறகு ஏன்? ஏன் கழற்றினேன்?

ராசா தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, இடுப்பை அசைத்து அசைத்து, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு நடனம் ஆடினான். சத்தியமாக நடனம்தான்! பிஸ்கோத்து மூக்கைக் கம்பிக்குள்ளால் நீட்டி அவனைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த விசர் யோசனை என் மண்டைக்குள் புகுந்தது...

ராசா என் வீட்டுப் பிள்ளை. பிஸ்கோத்து என் தம்பி வீட்டுப் பிள்ளை. அக்காவின் மகன், தம்பியின் மகள். மச்சான், மச்சாள்! முறை சரியாக இருக்கிறதே!

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். தனியாக, வாய்விட்டு. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் போட்ட சிரிப்பு அது. ஆனால் சிரிப்போடு சிரிப்பாக மனம் கணக்கும் போட்டது. குட்டி வந்தால் நந்தன் வருவான். குட்டி பார்க்க வருவான், குட்டி காட்டக் கூப்பிடுவான். நாங்கள் சம்பந்திகள் ஆகிவிடுவோம். சம்பந்தி வீட்டுக்கு யாராவது வராமல் இருப்பார்களா?

எழும்பிப் போய்க் கொளுக்கியைக் கழற்றினேன்.

இதற்கு மேல் சொல்லக் கூசுகிறது. சொல்லத்தான் வேண்டும். மா வைத்திருந்த தகரப் பேணியை எடுத்து, கரண்டியால் கெட்டிமேளம் தட்டினேன்! "டும் டும் டும்" என்று, நான் ஒருத்தியே மேளக்காரியாகவும் மாப்பிள்ளையின் தாயாகவும் நின்று தட்டினேன். தாலிக்குப் பதில் ஒரு கொத்தமல்லித் தண்டு. இரண்டும் அதை ஆளுக்கொரு பக்கம் கடித்துத் தின்றன. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

ஒரு நிமிடம் என்றுதான் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்களுடைய கார் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டபோதுதான் ஓடிப்போய்ப் பிரித்தேன். பிறகு கொளுக்கியைப் போட்டேன்.

சிந்து வந்ததும் முதல் வேலையாகக் கொளுக்கியைத்தான் பார்த்தாள். "தாங்ஸ் மாமி" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்...

சில கிழமைகள் போயின. ஒருநாள் தம்பியின் போன்.

"அக்கா, பிஸ்கோத்துக்கு வயிறு வைச்சிருக்கு எண்டு சிந்து சொல்லுறாள். கையை வைச்சால் உள்ளுக்கை அசையுதாம். உங்கடை வீட்டிலை கதவு ஏதும் திறந்து கிடந்ததோ?"

எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம்! அடிவயிற்றிலிருந்து ஒரு குதி குதித்து வந்தது. நான் அப்பம்மாவாகப் போகிறேன்! கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பயம் வந்ததும் வாய் முந்திக்கொண்டது.

"ஓமடா தம்பி... வெள்ளிக்கிழமை நீங்கள் போனாப்பிறகு பாக்கேக்கை கொளுக்கி போடாமல் கிடந்தது. நான் உடனை போட்டனான். பிள்ளை அவசரத்திலை மறந்திருப்பாள். பாவம், ஏசிப் போடாதை."

கவனித்தீர்களா? பொய் சொன்னேன், அதற்கு மேல் பெருந்தன்மையையும் ஒரு கரண்டி ஊற்றினேன். ஏசிப் போடாதையாம்! போனுக்குப் பின்னால் சிந்துவின் குரல் கேட்டது. "நான் போட்டனான் எண்டுதான் நினைச்சன், அப்பா... நான் போட்டனான்..." இரண்டாவது தரம் சொன்னபோது அந்தக் குரலில் உறுதி இல்லை. அவள் தன்னையே நம்பாமல் போன இடம் அதுதான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லாருமாக லவாலில் உள்ள மிருக வைத்தியரிடம் போனோம். இளம் பெண் டொக்டர், பிரெஞ்சு மட்டும். எனக்கும் தம்பிக்கும் பிரெஞ்சு கடைத்தெருவோடு சரி; தம்பியின் மனைவி வனிதா மச்சாளுக்கு அன்று வேலை. ஆகவே டொக்டர் சொல்வதைச் சிந்துதான் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"இவவுக்கு இடுப்பெலும்பு இறுகிப் போச்சாம். சின்ன வயசிலை ஒருக்காக் குட்டி போட்டிருந்தால் அது விரிஞ்சு குடுக்குமாம். இப்ப விரியாதாம். தானாப் போடவும் கூடும்... போடேலாமல் நிண்டால் உடனை கொண்டுவரட்டாம்."

பிறகு டொக்டர் கனிவாக ஏதோ கேட்டார். எப்படி நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். சிந்து மேசையில் கிடந்த பிஸ்கோத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"செ மா ஃபோத்."

என் பிழை. இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டு அந்த மூன்று சொல்லும் விளங்காமல் இருக்குமா? அதை மட்டும் அவள் எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. தம்பி "என்னம்மா கேட்டவ?" என்றான். "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். நான் சுவரில் இருந்த முயல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான்! ஆனால் நீங்கள் அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பார்க்கவில்லையே!

நான் நினைத்தது அப்படியே நடந்தது! ஞாயிற்றுக்கிழமை என்றால் தம்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவான்; அவனுக்கு நேரமில்லை என்றால் நானே மெட்ரோ ஏறி, கொத்தமல்லியும் குடைமிளகாயும் ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு லவாலில் போய் இறங்குவேன். வாசலில் நின்று அவன் கத்துவான்: "வாங்கோ சம்பந்தி, வாங்கோ! மருமேளுக்கு என்ன கொண்டந்தனீங்கள்?" சம்பந்தி! அவனுடைய வாயாலேயே வந்தது! வனிதா எனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள். எத்தனை குட்டி, என்ன நிறம் என்று சாப்பாட்டு மேசையில் ஒரே அமளி. தம்பி "மூண்டு" என்றான், வனிதா "ரெண்டு" என்றாள், நான் "நாலு, எழுதி வையுங்கோ!" என்று மேசையில் அடித்தேன்.

சிந்து மட்டும் மேசைக்கு வரவில்லை. அவள் பிஸ்கோத்தின் பக்கத்தில் இருந்து, அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை தம்பி போன் எடுத்தான். "அக்கா, தொடங்கீட்டுது!"

நான் மெட்ரோவில் உட்காரவில்லை. நின்றுகொண்டே போனேன்! இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தால் ரெயில் மெதுவாகப் போய்விடுமோ என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் "பெபே! பெபே!" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் குழந்தைச் சேதி சொன்னேன். அவளும் என் கையைப் பிடித்து வாழ்த்தினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் குட்டி வந்துவிட்டிருந்தது. கடவுளே! நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எலிக்குஞ்சு போலச் சிவப்பாக, கண் மூடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை! முழு மயிரோடு, கண் திறந்து, பல்லோடு, நகத்தோடு, முழு ஆளாகப் பிறந்து வந்திருந்தது. ராசாவின் கறுப்பு முதுகு, பிஸ்கோத்தின் வெள்ளைச் சுழி! கொஞ்ச நேரத்தில் எழும்பித் தள்ளாடி நடந்தது. அதற்குள் இரண்டாவதும் வந்தது. நான், தம்பி, வனிதா மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்து பார்த்தோம். தம்பி என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கா, பாரடி! பாரடி!" சின்ன வயதில் மட்டும் என்னை அப்படிக் கூப்பிட்டவன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலை எத்தனை வந்திருக்கும்? விரல் விட்டு எண்ணலாம்.

"இன்னொண்டு இருக்கு" என்றாள் சிந்து. "அது வரேல்லை."

வரவே இல்லை. பிஸ்கோத்து முக்கினாள். பிறகு முக்காமல் படுத்துவிட்டாள். வனிதா பிறந்த இரண்டோடும் வீட்டில் நிற்க, சிந்து பிஸ்கோத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, தம்பி சிவப்பு விளக்குகளையும் பாராமல் காரை ஓட்டினான். டொக்டர் உடனே உள்ளே கொண்டுபோனார். நாங்கள் அதே முயல் படத்துக்குக் கீழே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் வெறுங்கையோடு வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல், சிந்துவின் முன்னால் முழங்காலிட்டு மெல்லக் கதைத்தார்.

சிந்து எழும்பி எங்களிடம் வந்தாள். தமிழில் சொல்ல வேண்டுமே! அவள்தானே சொல்ல வேண்டும்!

"அவ செத்துப் போனா. உள்ளுக்கை இருந்த குட்டியும் செத்துப் போச்சு. டொக்டர் சொல்லுறா, ஆரிலும் பிழை இல்லையாம்." பிறகு, "அவ சும்மா சொல்லுறா" என்றாள்.

எனக்குக் காதுக்குள் தகரப் பேணி கேட்டது. டும் டும் டும்...

அன்று வீடு திரும்பி நான் அழுத அழுகையைப் பார்த்து வனிதா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "மாமிக்கு எவ்வளவு பாசம்" என்று சிந்துவிடம் சொன்னாளாம். சிந்து வந்து என் முதுகைத் தடவினாள். "ஸொறி மாமி" என்றாள். என்னிடம்! அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றுதான் கேட்டேன்.

குட்டிகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. நான் வேலைக்கு லீவு போட்டு ஒரு கிழமை லவாலில் நின்றேன். ஊசி இல்லாத மருந்துக் குழாயால் பால் பருக்கினோம். ஒன்று ஆண், ஒன்று பெண். மூன்று கிழமை ஆனதும் சிந்துவே ஆண் குட்டியைத் தனியாகப் பிரித்தாள். "இதுக்குப் பிறகு தங்கச்சியோடையும் விடேலாது, மாமி" என்றாள். முகம் பெரிய மனுஷி முகமாக இருந்தது. ஆண் குட்டி என்னிடம் வந்தான். இப்போது தகப்பனோடு சேர்ந்து, நான் குளிர்பெட்டியைத் திறந்தால் இரண்டு குரலில் கத்துகிறான். நான் அதைக் கேட்டு மகிழ்ந்துபோகிறேன். என்னைப் போல ஒருத்தி மகிழலாமா? தெரியவில்லை... மகிழ்கிறேன்!

தம்பி இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் வருகிறான். கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு விலை கொடுத்தது மட்டும் நான் இல்லை.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறீர்களா? நன்றாகப் படிக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டால் வாசல் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படி இறங்கி, திரும்பி ஏறி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறாள். அடுப்பை நிறுத்தியாச்சா என்று தாயைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறாள்; தான் நிறுத்தியதைத் தானே நம்புவதில்லை. தம்பி அதைச் சொல்லிச் சிரிக்கிறான். "பிள்ளைக்கு இப்பத்தான் பொறுப்பு வந்திருக்கு, அக்கா!"

சொன்னால் அவள் தன்னை நம்பத் தொடங்கிவிடுவாள். இரண்டு நிமிட வேலை! நான் நூறுதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ராசாவிடம், கண்ணாடியிடம், இப்போது உங்களிடம். ஆனால் சொன்ன பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். வாசலில் கார் நிற்காத ஞாயிறு. அங்கேயே என் தைரியம் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் மனதை விட எனக்கு ஒரு காரின் சத்தம் பெரிதாகிவிட்டது. இதை நானே எழுதி நானே வாசிக்கிறேன்...

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் டொரோண்டோவில் கல்யாணம். சிந்து பெண் குட்டியைக் கொண்டுவந்தாள். அது தாயைப் போலவே தேன் நிறம். தட்டியை வைத்தாள். கொளுக்கியைப் போட்டாள். அதற்கு மேலே, பையிலிருந்து சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துப் பூட்டினாள். நான்குதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு என் உள்ளங்கையை விரித்து, அதில் அந்தப் பூட்டின் சின்னத் திறப்பை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.

"இது உங்களிட்டையே இருக்கட்டும், மாமி. எப்பவும். என்னை நம்பேலாது, நான் மறந்துபோற ஆள். நீங்கள்தான் கவனம்."

தம்பி வாசலில் ஹோர்ன் அடித்தான். "சம்பந்தி, போட்டு வாறம்!"

"ஓம், போட்டு வாங்கோ" என்றேன்.

அந்தத் திறப்பை என் வீட்டுத் திறப்புக் கொத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது பஸ் பாஸை எடுக்கப் பைக்குள் கையை விட்டால் அதுதான் முதலில் தட்டுப்படுகிறது.